குத்தகையும் அமானியும்: மன்னார்க் கடல் முத்துப் பார்களின் வரலாறு

ஒருவர் நம்பி நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். அது நம்முடையதன்று, ஆயினும் நம்முடையதைக் காட்டிலும் கவனமாகக் காக்க வேண்டியது. இச்சொல்லின் பொருளை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இதே அரபு வேரில் பிறந்த மற்றொரு சொல் நம் நாட்டு வருவாய்க் கணக்கு ஏடுகளில் நெடுங்காலம் வழங்கியதைப் பலர் அறியார். அச்சொல் ‘அமானி’. நிலத்தையோ சுங்கத்தையோ அரசு தன் அலுவலர்களைக் கொண்டு தானே நேராக நிர்வகித்தால் அது அமானி. ஒரு தொகை பேசி ஒருவர் கையில் விட்டுவிட்டால் அது குத்தகை. இயற்கைச் செல்வத்தை ஆள்வோர் எவ்வாறு காத்தனர், எவ்வாறு இழந்தனர் என்பதை இவ்விரு சொற்களைக் கொண்டே அளந்துவிடலாம். அதற்குத் தக்க சான்று, நம் முன்னோர் மூழ்கியெழுந்த மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள்.

அக்கடலின் பெருமை பழையது. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழி நூலாகிய பெரிபுளூசு, கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று கூறுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, வணிகர்கள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு செலுத்தியதையும், சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கு கொடுத்ததையும் குறித்துள்ளார். அம்மந்திரக்காரரே பிற்காலத்தில் கடல்கட்டி எனப் பெயர் பெற்றவர். 1344-இல் இலங்கை சென்ற இப்னு பதூதா, ஆரியச் சக்கரவர்த்தியின் அவையில் முத்துக்கள் குவிந்திருந்ததையும், ஏவலர்கள் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்ததையும் தம் பயண நூலில் எழுதியுள்ளார். கீழக்கரையிலும் காயலிலும் முத்து வணிகம் செழித்ததும், கீழக்கரை லெப்பைமார் இருகரைச் சலாபங்களிலும் மூழ்கியதும் நம் சமுதாய வரலாற்றின் பகுதிகள்.

முத்துச் சிப்பி வாழும் கடலடிப் பாறைத் திட்டே பார். தூத்துக்குடிப் பக்கத்தில் தொலையிரம் பார், இலங்கைப் பக்கத்தில் பெரிய பார், சேவல் பார் என ஒவ்வொன்றுக்கும் பெயருண்டு. நிலத்து விளைச்சலைப் போல இங்கு ஆண்டுதோறும் அறுவடை கிடையாது. சிப்பிக் குஞ்சு பாறையைப் பற்றி நான்கைந்து ஆண்டுகள் வளர்ந்தால்தான் முத்து விலைபெறும். முந்தி எடுத்தால் முத்தில்லை. பிந்தினால் சிப்பி மடிந்து முத்தும் கடலோடு போகும். ஆகவே ஒரு பாரை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்னும் தீர்ப்பிலேயே எல்லாம் அடங்கியிருந்தது.

போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் இச்செல்வத்தின்மேல் கைவைத்தனர். 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த ஒல்லாந்தர் அவர்களைத் தொடர்ந்தனர். அக்காலத்தில் முத்துக்குளிப்பின் வரியலகு மனிதனன்று, கல். முத்துக்குளிப்பவன் காலில் மாட்டிக்கொண்டு கடலடிக்கு இறங்கும் கல்லுக்கே வரி. மதுரை நாயக்கருக்கும் இராமநாதபுரம் சேதுபதிக்கும் வரியில்லாக் கற்கள் சில உரிமையாக விடப்பட்டன.

1796-இல் இலங்கைக் கரை ஆங்கிலேயர் வசமானதும் அவர்கள் தேர்ந்த வழி குத்தகை. அவ்வாண்டிலும் தொடர்ந்த ஈராண்டுகளிலும் சலாபம் குத்தகைக்காரர்களுக்கு விடப்பட்டது. பெரும்பணம் வந்தது. பின்னர்ப் பார்கள் வறண்டன. இதில் வியப்பில்லை. குத்தகைக்காரனின் உரிமை ஒரு பருவத்துக்கு மட்டுமே. நாளைய சிப்பியை விட்டுவைத்தால் அதன் பயன் வேறொருவனுக்குப் போகும். ஆதலால் இன்றே எல்லாவற்றையும் அள்ளுவது அவன் கணக்குக்குச் சரியாகவே இருந்தது. பிழை அவனிடத்தில் மட்டுமன்று. அவனிடம் கடலை அவ்வாறு ஒப்படைத்த ஏற்பாட்டிலும் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசு மெல்ல மெல்ல அமானி வழிக்குத் திரும்பிற்று. இரு கரைகளிலும் பார்களைக் கண்காணிக்கத் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். முத்துக்குளிப்போரைக் கொண்டு பார்தோறும் மாதிரிச் சிப்பிகளை எடுப்பித்து, வயதும் எண்ணிக்கையும் கண்டு, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, தகுதியிருந்தால்தான் சலாபம் அறிவிக்கப்பட்டது. திறக்காத பார்களைக் காவற் படகுகள் காத்தன. எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு படகினருக்கும் மூழ்கியவர்களுக்கும். இலங்கைச் சலாபத்தில் பங்கிடும் முறை அழகானது. குளித்தவர்களே தம் சிப்பியை மூன்று சமக் குவியலாகப் பிரிப்பர். எது அவர்களுக்குரிய குவியல் என்பதை அலுவலர் சுட்டுவார். குவியலில் வஞ்சம் செய்தால் நட்டம் தமக்கே வரலாம் என்பதால் இரு தரப்பும் நேர்மையில் நின்றன. அரசின் பங்கு அன்று மாலையே ஆயிரக் கணக்கில் ஏலம் போயிற்று.

எனினும் சிப்பி அலுவலரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டதன்று. இலங்கையில் 1892 முதல் பத்தாண்டுக்கு மேல் சலாபமே இல்லை. காரணம் அறிய ஆங்கில விலங்கியல் அறிஞர் ஹெர்ட்மன் 1902-இல் அழைக்கப்பட்டார். அவருக்குத் துணையாக வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பெரிய பாரில் அவ்வாண்டின் தொடக்கத்தில் கணக்கிறந்து ஒட்டியிருந்த இளஞ்சிப்பிகள் தென்மேற்குப் பருவக்காற்றுக்குப் பின் காணாமற்போயின. பெயரும் மணலும், சிப்பியைத் தின்னும் மீன்களும், நெருக்கடியும் பார்களை அழிப்பதை அவர்கள் கண்டனர். இளஞ்சிப்பியைத் தீங்கில்லாத பார்களுக்குப் பெயர்த்து நடலாம் என்றும் பரிந்துரைத்தனர். கடலின் செல்வத்தைக் காக்க முதலில் கடலை அறிய வேண்டும் என்னும் நெறி இங்கு வேரூன்றியது எனலாம்.

1903-இல் பார்கள் மீண்டும் திறக்கப்பட்டன. 1905-இல் மரிச்சுக்கட்டியில் கூடிய சலாபம் வரலாற்றிலேயே பெரியது. எடுக்கப்பட்ட சிப்பிகள் 8 கோடிக்கு மேல். அரசுக்குக் கிடைத்தது சுமார் 25 இலட்சம் ரூபாய். தமிழகக் கரையிலிருந்து சென்றவர்களோடு, மூக்கில் கவ்வி மாட்டி மூழ்கும் பாரசீக வளைகுடா அரபியரும் அங்கே திரண்டனர். அள்ளியது குத்தகைக்காரனல்லன், அரசே. அமானி என்ற பெயர் மட்டும் பேராசையைத் தடுக்காது என்பதற்கு அவ்வாண்டே சாட்சி.

அதற்கு மேலும் ஒரு தவறு நிகழ்ந்தது. வெற்றியின் மயக்கத்தில் அரசு 1906-இல் பார்களை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய் வீதம் 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியிடம் கொடுத்தது. 1906, 1907 ஆகிய ஈராண்டுகளும் குளிப்பு நடந்தது. பின்னர்ப் பார்கள் வெறுமையாயின. கம்பெனி தன் 20 ஆண்டை முடிக்கவில்லை, கலைந்துபோயிற்று. இலங்கையில் அடுத்த சலாபம் 1925-இல்தான் கூடியது. நூறாண்டுக்கு முன் கற்ற பாடத்தை அரசு மறந்தது; கடல் மறக்கவில்லை.

நம் கரையில் 1907-இல் சென்னை மாகாண மீன்வளத் துறை ஃபிரெடரிக் நிக்கல்சன் மேற்பார்வையில் உருவாயிற்று. ஹார்னெலும் இதில் சேர்ந்து பின்னர் அதன் இயக்குநரானார். சங்குக் குளிப்பில் இத்துறை கையாண்ட ஒரு முறை நினைக்கத் தக்கது. எடுத்த சங்கை ஓர் அளவு வளையத்தில் இட்டுப் பார்ப்பர். வளையத்தினுள் நுழைந்துவிடும் சிறு சங்கு கடலுக்கே திரும்பும். எழுத்தறியாதவனுக்கும் விளங்கும் சட்டம் அது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை முத்துச் சலாபம் கூடியது. அதன்பின் கூடவேயில்லை. சூரன் என்னும் சிறு மட்டி பாய்போலப் படர்ந்து சிப்பிக் குஞ்சுகளை மூடிக் கொல்வதையும் ஆய்வாளர் பார்களில் கண்டுள்ளனர். 1973-இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பியில் முத்தை வளர்த்துக் காட்டினர். 1981-இல் குஞ்சு பொரிப்பகத்திலும் சிப்பியை உண்டாக்கினர். அறிவு வென்றது, ஆயினும் பழைய சலாபம் மீளவில்லை.

இன்று அக்கடல் வேறு காவலரிடம் உள்ளது. 1986-இல் மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்கா அமைந்தது. தூத்துக்குடி முதல் மண்டபம் வரை 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலுமாக அதன் பரப்பு 560 சதுர கிலோமீட்டர். 1989-இல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை அதன் காவலர். அத்தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. பவளப்பாறையை வெட்டியெடுத்தது அதற்கு ஒரு பெருங்காரணம் என்பர். 2001-இல் பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தன. காவல் தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. பழைய முத்துப் பார் அலுவலர் எவ்வளவு அதிகாரம் படைத்தவராயினும், பாரின் நிலையை அறியத் தாமே மூழ்கியவரல்லர். மூழ்கியவனை இறக்கி, அவன் கொண்டுவந்த சிப்பியைக் கண்டே தீர்ப்புச் சொன்னார். மூழ்கியவன் கூலியாள் மட்டுமல்லன். கடலடிக்கு அரசின் கண். இன்றைய சட்டத்தில் அவன் பெரும்பாலும் தடுக்கப்பட வேண்டியவனாகவே எண்ணப்படுகிறான். அட்டை எடுத்த குடும்பங்களும், தீவோரங்களில் பாசி சேகரித்த பெண்களும் ஒரு நாளில் பிழைப்பை இழந்தனர். அவர்கள் அறிந்த கடலறிவு ஏடேறாமலே போகிறது.

அமானிதத்துக்கு இரு பக்கம் உண்டு. பொருளைக் குறையாமல் காப்பது ஒன்று. உரியவர் யார் என்பதை மறவாதிருப்பது மற்றொன்று. குத்தகைக்காரன் முதற்கடமையை மறந்தான்; பார்கள் வெறுமையாயின. காவலர் இரண்டாவதை மறந்தால் கரையூர்கள் வெறுமையாகும். அளவு வளையம் போன்ற எளிய சட்டமும், மூன்று குவியல் போன்ற நேர்மையான பங்கும், கடலறிந்தவனைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பழக்கமும் நம் கரையிலேயே இருந்தவை. அவற்றை வேற்று நாட்டில் தேட வேண்டியதில்லை. நம் ஊர்களின் முதியோரிடத்தில் பார்களின் பெயரும், நீரோட்டத்தின் குறிப்பும், குளிப்புக்குரிய பருவமும் இன்னும் ஓரளவு தங்கியுள்ளன. அவற்றைக் கேட்டு எழுதி வைப்பது துறையாரின் கடமை மட்டுமன்று. படித்த நம் பிள்ளைகளின் கடமையுமாகும்.