வான்வழி தூரமும் ஓட்டமாவடிப் பாலமும்

இரத்மலானை விமான நிலையத்திலிருந்து மட்டக்களப்பு விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். சிறிய விமானத்திற்கு ஒரு மணி நேரம் போதும். ஆனால் எங்கள் ஓட்டமாவடி மக்கள் பயணத்தைப் பாலத்தில் காத்திருந்த நேரத்தைக் கொண்டே அளந்தார்கள். பிரித்தானியர் கட்டிய அந்த ஒடுங்கிய இரும்புப் பாலம் புகையிரதத்திற்கும் வாகனங்களுக்கும் பொதுவானது. புகையிரதம் வந்தால் பஸ் நிற்கும்.

மட்டக்களப்பு விமான நிலையம் 1958இல் திறக்கப்பட்டது. 1983இல் விமானப்படையின் வசமானது. அதன் பின்னரே ஒரு பிற்பகல், கொழும்புப் பத்திரிகை அலுவலகத்தில் இருந்த எனக்கு வாப்பா வபாத்தான செய்தி கிடைத்தது. இரவுப் புகையிரதம் மாகோ, கல்லோயா, பொலன்னறுவை எனச் சுற்றி, பாலத்தைக் கடந்து, காலையில் வாழைச்சேனையில் இறக்கிவிட்டது. ஜனாஸாவை முதல்நாள் மாலையே அடக்கியிருந்தார்கள். மையவாடி மண் இன்னும் ஈரமாக இருந்தது.

2010இல் வாகனங்களுக்கெனப் புதிய பாலம் வந்தது. 2018இல் மட்டக்களப்பு விமான நிலையம் பொதுமக்கள் சேவைக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அங்கிருந்து எங்கள் ஊருக்குத் தரைவழியே இன்னும் சுமார் 30 கிலோமீற்றர். விமான நேரத்தைக் கணக்கிடுவோர் இதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; வீட்டு வாசலை அடையும்போதுதான் பயணம் முடிகிறது.