தேவாலயத்தைக் காத்த நாவலும் கோபுரத்தைக் காத்த வானொலியும்

பாரிஸ் நகரைப் பார்க்கச் செல்வோர் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் செல்கின்றனர். காலையில் ஈபிள் கோபுரம், நண்பகலில் லூவர் நூதனசாலை, மாலையில் நோத்ர டாம் தேவாலயம், பொழுது சாயும் நேரத்தில் செய்ன் நதியில் ஒரு படகுச் சவாரி. வழிகாட்டுபவர் ஆண்டையும் உயரத்தையும் சொல்வார். பயணி படம் எடுப்பார். இவையெல்லாம் என்றென்றைக்கும் அங்கேயே நின்றவை, இனியும் நிற்பவை என்ற எண்ணத்துடன் விடுதிக்குத் திரும்புவார். உண்மை அதுவன்று, நேயர்களே. இவற்றுள் இரண்டு, மயிரிழையில் தப்பியவை. ஒன்றைக் காத்தது ஒரு நாவல். மற்றதைக் காத்தது வானொலி.

முதலில் நோத்ர டாம். 1163ஆம் ஆண்டில் தொடங்கி ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கட்டப்பட்ட ஆலயம் அது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793இல், அதன் முகப்பில் வரிசையாய் நின்ற 28 அரசர் சிலைகளைக் கீழே தள்ளித் தலைகளைத் துண்டித்தனர். அவை பிரான்ஸை ஆண்ட மன்னர்களின் சிலைகள் என்று மக்கள் நினைத்தார்கள். உண்மையில் அவை விவிலியம் கூறும் யூதேயாவின் அரசர்கள். பிரெஞ்சு மன்னராட்சியுடன் எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்கள் அதற்கான தண்டனையைப் பெற்றார்கள்! ஆலயம் சிலகாலம் 'பகுத்தறிவின் கோயில்' ஆயிற்று. பிறகு பொருள்கள் அடுக்கிவைக்கும் களஞ்சியமும் ஆயிற்று. 1804 டிசம்பரில் நெப்போலியன் அங்கே முடிசூடியபோது, உள்ளே சிதைவுகளைத் துணிகளாலும் அலங்காரத் தட்டிகளாலும் மறைக்கவேண்டியிருந்தது. விழா முடிந்தது, தட்டிகள் போயின, சிதைவு மிஞ்சியது.

அக்காலத்து ரசனையும் ஆலயத்துக்குப் பகையாகவே இருந்தது. கிரேக்க, ரோமானியத் தூண்களைக் கண்டு வியந்தவர்களுக்கு, மத்தியகாலத்துக் கட்டிடங்கள் காட்டுமிராண்டிகளின் வேலையாகத் தோன்றின. இந்த நிலையில்தான், 1831இல், இருபத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் அந்த ஆலயத்தையே கதாபாத்திரமாக்கி ஒரு நாவலை வெளியிட்டார். விக்டர் ஹியூகோ, 'ஏழை படும் பாடு' என்று சுத்தானந்த பாரதியார் வழியாகத் தமிழுக்கு அறிமுகமான அதே ஹியூகோ.

கூனல் விழுந்த மணியடிப்பவன் குவாசிமோதோவையும் நாட்டியக்காரி எஸ்மரால்டாவையும் திரைப்படங்களினால் உலகம் அறியும். ஆனால் நாவலின் பெயர் அவர்களுடையதன்று, ஆலயத்துடையது. கதையை எதிர்பார்த்து வாசிப்பவர்கள் பொறுமையிழந்து தாண்டிச் செல்லும் பக்கங்கள் சில அதில் உண்டு. ஆலயத்தின் ஒவ்வொரு காயத்தையும், அதைச் செய்தது காலமா, கலகக்காரரா, அல்லது நாகரிகம் என்ற பெயரில் திருத்த வந்தவர்களா என்று பிரித்துப் பிரித்துக் கணக்கெடுக்கும் பக்கங்கள் அவை. என்னைக் கேட்டால், அந்நாவலின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

1832ஆம் ஆண்டுப் பதிப்பில் ஹியூகோ சேர்த்த ஓர் அத்தியாயத்தில் விசித்திரமான ஒரு வாதம் வருகிறது. அச்சுப் புத்தகம் வந்துவிட்டது. இனி மனிதன் தன் சிந்தனையைக் கல்லில் எழுதமாட்டான். ஆகவே புத்தகம் கட்டிடத்தைக் கொன்றுவிடும் என்பது அதன் சாரம். நடந்ததோ நேரெதிர். நாவல் பெரும் வரவேற்புப் பெற்றது. மக்கள் கையில் புத்தகத்துடன் ஆலயத்தைப் பார்க்க வந்தார்கள். புராதனக் கட்டிடங்களைப் பாதுகாக்கும் அரச அதிகாரியாக 1834இல் அமர்ந்தவரும் ஓர் எழுத்தாளரே: பின்னாளில் 'கார்மென்' கதையை எழுதிய புரொஸ்பர் மெரிமே. 1844இல் லசூ, வியோலே-லெ-துக் என்னும் இரு கட்டிடக் கலைஞர்களிடம் திருத்தவேலை ஒப்படைக்கப்பட்டது; அது இருபது ஆண்டுகள் நீடித்தது. இன்று பயணிகள் விரும்பிப் படமெடுக்கும் அந்தக் கொம்பு முளைத்த விகார உருவங்கள் மத்தியகாலத்தவை அல்ல; வியோலே-லெ-துக்கின் கற்பனையில் பிறந்தவை.

எழுத்தாளர்கள் எப்போதும் சரியான பக்கத்திலேயே நின்றார்கள் என்று இதைக்கொண்டு முடிவுகட்டிவிட முடியாது. 1887இல் ஈபிள் கோபுரத்தின் அத்திவாரம் தோண்டத் தொடங்கிய சில வாரங்களில், பெப்ரவரி 14ஆம் திகதி, 'லெ தாம்' பத்திரிகையில் ஒரு கண்டனக் கடிதம் வெளியாயிற்று. அதில் ஒப்பமிட்டவர்களைப் பாருங்கள்: சிறுகதை மன்னன் மாப்பசான், இளைய டூமா, கவிஞர் லெகோந்த் து லீல், இசைமேதை கூனோ, பாரிஸ் இசைநாடக மாளிகையைக் கட்டிய கார்னியே. இரும்பினாலான இந்தப் பயனற்ற தொழிற்சாலைப் புகைபோக்கி நகரின் அழகைக் கெடுத்துவிடும் என்பது அவர்களுடைய முறையீடு. ஹியூகோ போராடியதும் நகரின் அழகுக்காகவே என்பதை நினைத்தால், இவர்கள் அவருடைய வாரிசுகளாகத் தம்மை எண்ணியதில் வியப்பில்லை. கட்டப்போகும் ஒன்றைக் கட்டுமுன்னரே தீர்ப்பிட்டார்கள் என்பதே வித்தியாசம்.

குஸ்தாவ் ஈபிள் நிதானமாகப் பதிலளித்தார். பொறியியலாளனுக்கும் அழகுணர்ச்சி உண்டு. கோபுரத்தின் நான்கு கால்களும் வளைந்து எழும் கோடு, காற்றின் விசையைக் கணக்கிட்டதால் பிறந்த கோடு என்றார். 1889 மார்ச் 31இல் கோபுரம் முடிந்தது. ஏறத்தாழ 18,000 இரும்புத் துண்டுகள், 25 இலட்சம் தறையாணிகள். அந்த ஆண்டுப் பொருட்காட்சிக்கு வந்தவர்களில் சுமார் இருபது இலட்சம் பேர் அதில் ஏறினர்.

ஆயினும் ஈபிளுக்குக் கிடைத்த அனுமதி இருபது ஆண்டுகளுக்கு மட்டுமே. 1909 முடிவில் அது காலாவதியாக இருந்தது. அதன்பின் கோபுரத்தைக் கழற்றிவிடலாம். கவிஞர்களின் கோபத்தைவிடக் காலண்டரே ஈபிளை அதிகம் வருத்தியிருக்கவேண்டும். காற்றின் ஆராய்ச்சி, வானிலை ஆராய்ச்சி என்று கோபுரத்துக்கு ஒவ்வொரு பயனாகத் தேடினார். 1898 நவம்பரில் யூஜீன் டுக்ரெத்தே கோபுரத்தின் உச்சியிலிருந்து நான்கு கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பாந்தியோனுக்குக் கம்பியில்லாத் தந்தி அனுப்பிக் காட்டினார். (அந்தப் பாந்தியோனில்தான் ஹியூகோ 1885இல் அடக்கஞ் செய்யப்பட்டிருந்தார்!) பின்னர் ஃபெரியே என்ற இராணுவக் கப்டனின் பரிசோதனைகளுக்கு ஈபிள் தமது செலவிலேயே உதவ முன்வந்தார். உயரம் என்ற ஒரே குற்றத்துக்காகக் கண்டிக்கப்பட்ட கோபுரம், அந்த உயரத்தினாலேயே தேவையானதாயிற்று. 1910 முதல் மேலும் எழுபது ஆண்டுகளுக்கு அனுமதி புதுப்பிக்கப்பட்டது. 1914இல் போர் மூண்டபோது எதிரியின் செய்திகளை ஒட்டுக்கேட்டது அந்தக் கோபுரம். 1920களின் தொடக்கத்தில் அங்கிருந்து பொதுமக்களுக்கு ஒலிபரப்பும் ஆரம்பமாயிற்று. 1923இல் மறைந்த ஈபிள் அதையும் கண்டுவிட்டார். வானொலியில் இலக்கியம் பேசும் நமக்கு இச்செய்தி தனி உவப்பைத் தருகிறது.

எல்லாவற்றுக்கும் இந்தப் பாக்கியம் கிட்டவில்லை. லூவரின் மேற்குக் கோடியில் தூயிலரி அரண்மனை இருந்தது. 1871 கலவரத்தில் எரிந்தது. சுவர்கள் நின்றன, திருத்தலாம் என்றவர்களும் இருந்தனர். 1883இல் இடித்து அகற்றினார்கள். லூவருக்கும் பூந்தோட்டத்துக்கும் இடையில் வெட்டவெளியாகத் தெரிவது அந்த அரண்மனை நின்ற இடந்தான்.

2019 ஏப்ரல் 15ஆம் திகதி மாலை நோத்ர டாமின் கூரை தீப்பற்றியது. வியோலே-லெ-துக்கின் ஊசிக்கோபுரம் உலகமே பார்த்திருக்க முறிந்து வீழ்ந்தது. அடுத்த நாட்களில் பிரான்ஸில் அதிகமாக விற்பனையான நூல்களின் வரிசையில் ஹியூகோவின் நாவல் மீண்டும் முதலிடத்துக்கு வந்தது, வெளியாகி 188 ஆண்டுகளுக்குப் பிறகு! புதிய பாணியில் கோபுரம் அமைக்கலாமா என்ற விவாதம் ஓராண்டுக்கு மேல் நடந்தது. ஈற்றில் பழைய வடிவிலேயே, ஏறத்தாழ 2,000 ஓக் மரங்களைக் கொண்டு, கூரையும் ஊசிக்கோபுரமும் எழுந்தன. 2024 டிசம்பரில் கதவுகள் திறந்தன. வரிசையும் பழையபடி நீளமாயிற்று.

அவ்வரிசையில் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முகப்பில் தெரியும் அரசர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்துவைத்தவர்கள். பழையவர்களின் தலைகள் என்னவாயின என்று ஒருவருக்கும் தெரியாமலிருந்தது. 1977இல் பாரிஸில் ஒரு வங்கியின் முற்றத்தைத் தோண்டியபோது, மண்ணுக்குள்ளிருந்து 21 தலைகள் கிடைத்தன. சில தலைகளில் மூக்கு உடைந்திருக்கிறது. சிலவற்றில் பழைய வர்ணம் இலேசாக ஒட்டியிருக்கிறது. நதியைக் கடந்து சிறிது தூரம் நடந்தால் க்ளூனி நூதனசாலையில் அவற்றைக் காணலாம். அங்கே கூட்டம் குறைவு.