சில்வியாவைக் கொன்றது யார்?

விழுப்புரம் பேருந்து நிலையக் கடைகளில் பாக்கெட் நாவல்கள் வரிசையாகத் தொங்கிய காலத்தில், ஒன்றை வாங்கிக்கொண்டு ஏறினால் திண்டிவனம் வருவதற்குள் முதல் கொலையைத் தாண்டிவிடலாம். ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, சுபாவின் நரேந்திரன்–வைஜெயந்தி, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா. சுசீலா என்ன துப்பறிந்தாள் என்பது மறந்துபோயிருக்கும். அவள் டி-ஷர்ட்டில் எழுதியிருந்த வாசகம் மறந்திருக்காது. அந்தக் கதைகளை விழுந்து விழுந்து படித்தவர்களில் நானும் ஒருத்தி. உதவியாளர், பிணம், இல்லையென்றால் கொலைகாரி. துப்பறியும் கதையில் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் இவைதான் என்பது அப்போது உறைக்கவில்லை.

மூன்றாவது இடத்தை மிகவும் விரும்பியவர்கள் அமெரிக்காவின் முரட்டுத் துப்பறியும் நாவலாசிரியர்கள். டாஷியல் ஹாமெட்டின் ‘மால்டீஸ் ஃபால்கன்’ (1930) நாவலில் துப்பறிவாளர் ஸ்பேட் காதலித்தவளே கொலைகாரி. அவரே அவளைப் போலீசில் ஒப்படைக்கிறார். ரேமண்ட் சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ (1939) நாவலில் கார்மென், ‘ஃபேர்வெல், மை லவ்லி’ (1940) நாவலில் வெல்மா, ‘தி லாங் குட்பை’ (1953) நாவலில் எய்லீன். தெருவெல்லாம் ரவுடிகளும் ஊழல் போலீசும் சூதாட்ட முதலாளிகளும் நிறைந்திருக்க, கடைசிப் பக்கத்தில் துப்பாக்கி மட்டும் எப்படியோ ஒரு பெண்ணின் கைக்கு வந்துவிடுகிறது.

‘தி லாங் குட்பை’ வெளியான மறு ஆண்டு, 1954 ஏப்ரலில், ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ வந்தது. பாட்டே இல்லாத படம். விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன்தான் பிணம். ஜப்பானுக்கு ரகசியம் விற்கும் ரேடியோ இன்ஜினீயர் ராஜனாக வந்து, மனைவி உஷாவின் கைத் துப்பாக்கிக்கு இரையாகிறார். ஆசையாலும் பொறாமையாலும் கொல்லும் அமெரிக்கக் கொலைகாரிக்கு இங்கே இடம் கிடைக்கவில்லை. தமிழ்ப் படத்தில் மனைவி புருஷனைக் கொல்ல வேண்டுமானால் தேசமே வந்து சிபாரிசு செய்ய வேண்டியிருந்தது! பண்டரிபாயின் முகம்தான் அதை நம்ப வைத்தது.

சாண்ட்லரிடம் திரும்புவோம். அவருடைய மார்லோவை இரண்டு முறை திரைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒரு பெண் இருந்தார், லீ பிராக்கெட். 1944இல் அவர் எழுதிய துப்பறியும் நாவலைப் படித்த இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ், எழுதியவர் ஆண் என்று நினைத்துத்தான் அழைத்தார் என்பது ஹாலிவுட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. வில்லியம் ஃபாக்னர், ஜூல்ஸ் ஃபர்த்மன் ஆகியோருடன் ‘தி பிக் ஸ்லீப்’ (1946) திரைக்கதையில் பங்கேற்றார்.

கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய ‘தி லாங் குட்பை’ (1973) படத்துக்கு அவரே தனியாகத் திரைக்கதை எழுதினார். கதை எழுபதுகளின் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாறியது. மார்லோ மட்டும் மாறவில்லை. அதே கறுப்பு கோட்டு சூட்டு, 1948 மாடல் லிங்கன் கார், ஓயாத சிகரெட். எதிர்வீட்டு மாடியில் பெண்கள் அரைகுறை உடையில் யோகா செய்கிறார்கள். இவர் நடுராத்திரியில் பூனைக்குச் சாப்பாடு வாங்கப் போகிறார். காலம் மாறியதைக் காட்ட இதுவே போதும் என்று பல விமர்சகர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நாவலில் சில்வியா லெனாக்ஸைக் கொன்றவள் எய்லீன். தன் கணவனையும் அவளே சுடுகிறாள். கடைசியில் தற்கொலை செய்துகொள்கிறாள். சில்வியாவின் கணவன் டெர்ரி நிரபராதி, மார்லோவின் பாவப்பட்ட நண்பன். பிராக்கெட்டின் திரைக்கதையில் எய்லீன் யாரையும் கொல்வதில்லை. அவள் கணவன் தானே கடலில் இறங்கிச் சாகிறான். சில்வியாவை அடித்துக் கொன்றது டெர்ரிதான். கொன்றேன், ஆனால் கொலை என்று சொல்ல முடியாது என்கிற தோரணையில் பேசுகிறான். ‘குடும்பத் தகராறில் மனைவி சாவு’ என்று செய்தி படித்துப் பழகியவர்களுக்கு அந்தத் தோரணை புதிதல்ல. நாவலின் மார்லோ முகம் கொடுக்காமல் டெர்ரியை அனுப்பிவிடுவார். படத்தின் மார்லோ சுட்டுவிடுகிறார். சாண்ட்லர் ரசிகர்களின் கோபம் இந்த முடிவின் மேல்தான்: மார்லோ நண்பனைச் சுடுவாரா? எய்லீன் கொலை செய்வாளா என்று இருபது வருடம் யாரும் இவ்வளவு கோபமாகக் கேட்டதில்லை. (மாணவிகள் நாவலை முதலில் படித்துவிட்டுப் படத்தைப் பாருங்கள்.)

பிராக்கெட்டைக் கொண்டாடிவிட்டு எழுந்துவிட முடியாதபடி ஒரு காட்சி அந்தப் படத்தில் இருக்கிறது. ரவுடி மார்ட்டி அகஸ்டின் தன் காதலி ஜோ ஆனை எல்லோர் முன்னாலும் புகழ்கிறான், எவ்வளவு அழகு என்கிறான். சொல்லிக்கொண்டே கோக் பாட்டிலை அவள் முகத்தில் அடித்து உடைக்கிறான். மார்லோவைப் பயமுறுத்துவதற்காக. நேசிக்கிறவளுக்கே இந்தக் கதி என்றால் பிடிக்காத உனக்கு என்ன நடக்கும் யோசித்துக்கொள் என்பது மிரட்டல். நாவலில் இந்தக் காட்சியே இல்லை. சில்வியாவையோ படத்தில் உயிரோடு நாம் பார்ப்பதேயில்லை. ஜோ ஆன் பிறகு ஒருமுறை வருகிறாள், முகமெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு, அதே மார்ட்டியின் கும்பலோடு.