வராகா: சேற்றிலும் நீரிலும் ஓடும் தொலைக்கட்டுப்பாட்டு வண்டி

வராகா என்பது ஆழ்கடல் தரையில் கிடக்கும் கனிம உருண்டைகளைச் சேகரிப்பதற்காகச் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய தொலைக்கட்டுப்பாட்டு ஊர்தி ஆகும். டிராக்டர், பீரங்கி வண்டி போலச் சங்கிலிப் பட்டைகளில் ஊர்ந்து செல்வது. 2021ஆம் ஆண்டு மத்திய இந்தியப் பெருங்கடலில் 5270 மீட்டர் ஆழத்தில் இதை இறக்கி ஓட்டிப் பார்த்தார்கள். கடலுக்கடியிலிருந்து பூமியைத் தூக்கி வந்த பன்றி அவதாரத்தின் பெயரை இதற்குச் சூட்டியது பொருத்தமாகவே உள்ளது.

இவ்வண்டியின் வரலாற்றைப் புரிந்துகொள்ளச் சிறுவர்களின் ரிமோட் லாரியிலிருந்து தொடங்குவது எளிது. இரண்டுக்கும் பகை ஒன்றே, நீர்.

விளையாட்டு வண்டியில் நீர்த்தடுப்பு

கம்பியில்லாமல் தொலைவிலிருந்து ஓட்டும் ஊர்தியை முதன்முதலில் பொதுமக்களுக்குக் காட்டியவர் நிக்கோலா டெஸ்லா. 1898இல் நியூயார்க் மாடிசன் சதுக்க அரங்கில், தொட்டி நீரில் ஒரு சிறு படகை வானொலி அலைகளால் இயக்கினார். ஆக, தொலைக்கட்டுப்பாட்டு ஊர்தி பிறந்ததே தண்ணீரில்தான். தரையில் ஓடும் பொம்மைக் கார்கள் பரவலானது அதற்கு வெகு காலம் பிறகு. ஜப்பானின் தமியா நிறுவனம் 1979இல் வெளியிட்ட மணல்வெளி வண்டிகளில், வானொலிக் கருவிகளையும் பேட்டரியையும் ஒளி ஊடுருவும் மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தது. சேற்றிலும் குட்டையிலும் ஓட்டும் ஆசைக்கு அது கதவு திறந்தது.

அன்று முதல் முறைகள் பெரிதாக மாறிவிடவில்லை. வானொலி வாங்கியை ரப்பர் விளிம்பு வைத்த பெட்டியில் இட்டு, விளிம்பில் சிலிக்கோன் கிரீஸ் தடவி மூடுவர். பெட்டி இல்லாதவர்கள் ஊதும் பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டிவிடுவதும் உண்டு. மின்சுற்றுப் பலகையின்மேல் மெல்லிய பூச்சுத் தடவுவர். சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டாரின் தண்டு வெளிவரும் இடத்தில் ரப்பர் வளையம் இடுவர். அசையாத மூட்டை அடைப்பது எளிது. சுழலும் தண்டைச் சுற்றி அடைப்பதே கடினம். இறுக்கினால் தண்டு சுழலாது, தளர்த்தினால் நீர் புகும்.

திற்பரப்பு, குலசேகரம் பக்கத்து மாணவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேறு உதாரணம் வேண்டாம். மழைக்காலத்தில் ரப்பர் மரத்தின் வெட்டுப் பட்டைக்கு மேலே பிளாஸ்டிக் தாளைச் சுருக்கி, பசை தடவி ஒட்டுவதைப் பார்த்திருப்பார்கள். ரெயின் கார்டு என்பார்கள். மரத்தில் வழியும் நீர் சிரட்டையில் விழுந்தால் பால் வீணாகிவிடும். பசை ஒரு விரல் அகலம் விட்டுப்போனாலும் நீர் அவ்வழியே இறங்கிவிடும். பொம்மை லாரியிலும் அப்படித்தான், நூறு இடம் அடைத்து ஓர் இடம் விட்டால் போதும். பலூனும் கையுறையும் செய்யப் பயன்படுவது இம்மரத்துப் பால்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

உருண்டைகளைத் தேடி

கடல் தரையில் உருளைக்கிழங்கு அளவில் கிடக்கும் கரிய உருண்டைகளில் மாங்கனீசு, நிக்கல், தாமிரம், கோபால்ட் ஆகிய உலோகங்கள் உள்ளன. கவேசணி என்ற ஆய்வுக் கப்பல் 1981 ஜனவரி 26 அன்று இந்தியப் பெருங்கடலிலிருந்து முதல் மாதிரியை எடுத்தது. 1987இல் இந்தியா முன்னோடி முதலீட்டாளராகப் பதிவு பெற்றது. 2002இல் பன்னாட்டுக் கடற்படுகை ஆணையத்துடன் ஆய்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்று இந்தியாவிடம் உள்ள ஆய்வுப் பரப்பு 75,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்கு மேல்.

உரிமை கிடைத்துவிட்டது, எடுக்க வண்டி வேண்டுமே. 1993இல் தொடங்கப்பட்ட சென்னை நிறுவனம் ஜெர்மனியின் சீகன் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து ஊர்தி ஒன்றை வடிவமைத்தது. 2000ஆம் ஆண்டு தூத்துக்குடிக்கு அப்பால் 410 மீட்டர் ஆழத்தில் அது சோதிக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் மேற்குக் கரைக்கு அப்பாலும் சோதனைகள் நடந்தன. ஆழம் ஏறத்தாழ 500 மீட்டரை எட்டியது. அங்கிருந்து 5000 மீட்டருக்குப் போக மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. ஆழம் பத்து மடங்கானால் வேலையும் பத்து மடங்கு என்று நினைத்துவிடக் கூடாது. முறையே மாறிவிடுகிறது.

எண்ணெயால் அடைத்தல்

நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டலம் கூடும். 5270 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் அரை டன்னுக்கு மேல் எடை அழுத்தும். பொம்மை லாரியின் காற்றடைத்த பெட்டியை அங்கே இறக்கினால் நொறுங்கிவிடும். எல்லாக் கருவிகளையும் தடித்த உலோகக் கூட்டில் அடைத்தால் வண்டி தாங்க முடியாத எடையாகும்.

இதற்கு ஆழ்கடல் பொறியாளர்கள் கண்ட வழி அழகானது. மோட்டார் முதலியவை இருக்கும் கூட்டுக்குள் காற்றுக்குப் பதில் எண்ணெயை நிரப்பிவிடுவார்கள். கூட்டோடு மடங்கக்கூடிய ரப்பர் பை போன்ற அமைப்பு ஒன்று இணைந்திருக்கும். கடலின் அழுத்தம் பையை நெருக்க, எண்ணெயின் அழுத்தமும் அதே அளவு உயரும். உள்ளும் வெளியும் சமமாகிவிட்டால் நீரை உள்ளே தள்ள விசை ஏது? உள்ளழுத்தத்தைச் சற்றே கூடுதலாக வைத்தால், கசிவு ஏற்பட்டாலும் எண்ணெய் வெளியேறுமே தவிர நீர் உடனே உள்ளே வராது. சுழலும் தண்டின் தொல்லையும் இதனால் பெரிதும் குறைகிறது. அழுத்தத்தைத் தாங்காத நுண்மின் கருவிகளுக்கு மட்டும் தடித்த உலோக உருளைகள் வைத்தால் போதும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கடல்நீர் வானொலி அலையை விழுங்கிவிடும். இன்றைய பொம்மை வண்டிகள் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்சு அலை சாதாரண நீரிலேயே வெகுதூரம் போகாது. ஆகவே இத்தகைய ஆழ்கடல் ஊர்திகளுக்கு மின்சாரமும் கட்டளையும் கப்பலிலிருந்து இறங்கும் நீண்ட வடத்தின் வழியே செல்கின்றன. உருவம் ரிமோட் வண்டி என்றாலும் வடம் அறுந்தால் எல்லாம் முடிந்தது. ஐந்து கிலோமீட்டர் கீழே இறங்கித் தள்ளிவிட ஆள் கிடையாது.

சேறு

மத்திய இந்தியப் பெருங்கடலின் தரை மிக மென்மையான களிமண் சேறு. நடவுக்கு உழுத வயலைவிட மோசம். சக்கரம் வைத்தால் புதையும். எனவே அகன்ற பட்டைகள், அவற்றில் சேற்றைப் பற்றும் உயர்ந்த பற்கள், நீருக்குள் எடையைக் குறைக்க மிதவைப் பொருள்கள் என்று வடிவமைக்கிறார்கள். மிதவையைக் கூட்டினால் பட்டைக்குப் பிடி கிடைக்காது; குறைத்தால் வண்டி இறங்கிவிடும். 2021 சோதனையின் முதன்மை நோக்கமே, சேகரிப்பதற்கு முன் அந்தச் சேற்றில் நகர முடிகிறதா என்று அறிவதுதான். வண்டி நகர்ந்தது. அதே ஆண்டு ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை 4077 கோடி ரூபாய் மதிப்பிலான ஆழ்கடல் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது.

தடங்கள்

வண்டி நன்றாக ஓடுவதுதான் இங்கே சிக்கலும். உருண்டைகள் பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில மில்லிமீட்டர் அளவே வளர்கின்றன. அவற்றின்மீது ஒட்டி வாழும் உயிர்களுக்கு அதைவிட்டால் கெட்டியான பிடிப்பிடம் அங்கு அரிது. பட்டை கிளப்பும் சேறு மேகம்போலப் பரவி வேறிடத்தில் படியும். இதை அறிய 1997இல் இந்திய அறிவியலாளர்கள் மத்திய இந்தியப் பெருங்கடலில் வேண்டுமென்றே ஒரு பகுதியைக் கலக்கி, மாற்றங்களைத் தொடர்ந்து கவனித்தனர். சுரங்கம் தோண்டும் முன்பே இப்படிச் சோதித்தது பாராட்டத்தக்கது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மற்ற கடல்களின் சான்று எச்சரிக்கையாகவே உள்ளது. பெரு நாட்டுக்கு அப்பால் 1989இல் ஜெர்மானியர் உழுதுவிட்டுச் சென்ற கடல் தரையை 2015இல் திரும்பிப் பார்த்தபோது கோடுகள் அப்படியே தெரிந்தன. பசிபிக்கின் வேறொரு பகுதியில் 1978ஆம் ஆண்டு சேகரிப்பு வண்டி பதித்த தடத்தை 26 ஆண்டுகள் கழித்துப் பார்த்தவர்களும் அதையே கண்டனர். கோதையாற்றில் ஒரு வெள்ளம் வந்தால் கரைச் சேற்றில் பதிந்த டயர் தடம் மறுநாள் இருக்காது. ஆழ்கடல் தரையில் அப்படித் துடைத்துவிடும் வெள்ளம் இல்லை.