குணக்கோளாறா, உணவுக்கோளாறா? அன்றாட உணவும் மனநிலையும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சகோதரர் தம் மனைவியைப் பற்றி நம்மிடம் முறையிட வந்தார். "எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள் ஹஜ்ரத். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். பிள்ளைகளை அடிக்கிறாள். அடுப்படியில் பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறாள்" என்றார். நாமும் வழக்கம்போலப் பொறுமையின் சிறப்பையும் கோபத்தின் தீமையையும் எடுத்துச் சொல்லி அனுப்பினோம். சில வாரங்கள் கழித்து அந்தச் சகோதரி தலைசுற்றி விழுந்தார். மருத்துவமனையில் இரத்தம் எடுத்துப் பார்த்தபோது ஹீமோகுளோபின் எட்டுக்கும் கீழே இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கி மூன்று மாதங்களில் அவர் பழைய மனுஷியாகி விட்டார். அரிசி தின்னும் ஆசையும் போய்விட்டது.

அன்று நாம் சொன்ன உபதேசம் தவறானதல்ல. ஆனால் அது அந்தச் சகோதரிக்குத் தேவையான மருந்தாக இருக்கவில்லை. சோர்வு, எரிச்சல், அடங்காத தின்பண்ட ஆசை ஆகிய மூன்றையும் குணக்கோளாறு என்று தீர்ப்பளிக்கும் முன், அந்த வீட்டின் சாப்பாட்டையும் உறக்கத்தையும் உடல்நிலையையும் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டோம். இதைப் பற்றி மருத்துவ உலகம் அறிந்து வைத்திருப்பவற்றை நம் குடும்பங்களுக்காக இங்கே தொகுத்துத் தருகிறோம்.

சர்க்கரையின் ஏற்றமும் இறக்கமும்

வெள்ளைச் சோறு, மைதா பரோட்டா, பன், சர்பத் போன்றவை வயிற்றில் விரைவாகச் செரித்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தச் சர்க்கரை வேகமாக ஏறும்போது கணையம் இன்சுலினைச் சுரந்து அதை இறக்குகிறது. சிலருக்கு இந்த இறக்கம் அளவு கடந்து, சாப்பிட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் சர்க்கரை தொடக்க நிலைக்கும் கீழே போய்விடும். வயிறு நிறையச் சாப்பிட்டவர் அஸர் நேரத்தில் மறுபடி பசி என்று பலகாரம் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தச் சர்க்கரையைத் தொடர்ந்து அளந்து 2021-இல் முடிவுகளை வெளியிட்டது. சாப்பிட்ட பின் சர்க்கரை அதிகமாக இறங்கியவர்கள், சிறிதளவே இறங்கியவர்களைவிடச் சுமார் அரை மணி நேரம் முன்பே அடுத்த உணவை உண்டார்கள். ஒரு நாளில் ஏறத்தாழ 300 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஒரே உணவு எல்லாரிடமும் ஒரே விளைவைத் தரவில்லை என்பதும் இதில் தெரிய வந்தது. ஆகவே, "நான் அதே சோற்றைத்தானே தின்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று வீட்டில் ஒருவர் மற்றவரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பகல் சோர்வு முழுவதும் சோற்றால் வருவதுமல்ல. உடலின் இயற்கைக் கடிகாரமே நண்பகலுக்குப் பின் சற்றுத் தளர்கிறது. கைலூலா எனும் சிறு உறக்கத்தின் அருமையை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். இருபது நிமிடம் கண்ணயர்வது நல்லது. அதையே இரண்டு மணி நேரமாக நீட்டினால் இரவு உறக்கம் கெடும்.

நாவின் ஆசை எங்கிருந்து வருகிறது?

பசி வயிற்றிலிருந்து வருகிறது என்றால், ஆசை பெரும்பாலும் பழக்கத்திலிருந்து வருகிறது. இனிப்பும் கொழுப்பும் உப்பும் கலந்த பண்டத்தை உண்ணும்போது மூளையில் டோபமின் என்ற இரசாயனம் வேலை செய்து, அந்த இடத்தையும் நேரத்தையும் வாசனையையும் நினைவில் பதித்துக்கொள்கிறது. மறுநாள் அதே நேரம் வந்தால், அதே டீக்கடையைக் கடந்தால், பசி இல்லாமலே நா ஊறுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழகியது போலவே, பழக்கத்தை மாற்றவும் மூளையால் முடியும்.

தொழிற்சாலைப் பண்டங்கள் இந்த ஆசையை மேலும் தூண்டுகின்றன. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 20 பேரைத் தங்கவைத்து, இரண்டு வாரம் தொழிற்சாலைப் பண்டங்களும் இரண்டு வாரம் இயற்கையான சமையலும் கொடுத்தார். இரண்டிலும் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். தொழிற்சாலைப் பண்டம் உண்ட நாட்களில் அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி அதிகம் உண்டு, இரண்டு வாரத்தில் சராசரியாக 900 கிராம் எடை கூடினார்கள். 2019-இல் வெளியான ஆய்வு இது.

ஆசையைக் கூட்டும் இன்னொன்று உறக்கக் குறைவு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டுமே உறங்கவிட்டுப் பார்த்தார்கள். வயிறு நிறைந்ததைச் சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. இனிப்பு, உப்புப் பண்டங்கள் மீதே அவர்களுக்கு நாட்டம் மிகுந்தது. நள்ளிரவு வரை செல்போன் பார்க்கும் பிள்ளை மறுநாள் சிப்ஸ் பாக்கெட்டுக்கு அடம்பிடிப்பதில் வியப்பில்லை.

அளவுக்கு மீறிய பட்டினியும் மனதைக் கெடுக்கும். 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 ஆண்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்று உணவு கொடுத்து ஆராய்ந்தார். நல்ல மனநலத்தோடு வந்த அவர்கள் எரிச்சலும் மனச்சோர்வும் கொண்டவர்களாக மாறினார்கள். எந்நேரமும் உணவைப் பற்றியே பேசினார்கள். திருமணத்துக்கு முன் எடையைக் குறைக்கவென்று மகளைப் பட்டினி போடும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

வீட்டுப் பெண்களின் இரத்தசோகை

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 53 சதவீதம். இரண்டு பெண்களில் ஒருவருக்கும் மேல் என்று பொருள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால் அது இரத்தசோகை.

இரும்புச்சத்து குறைந்தால் உடலுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். கவனம் சிதறும். சிறு விஷயத்துக்கும் அழுகையோ கோபமோ வரும். பச்சரிசி, சாக்பீஸ், மண், ஐஸ் கட்டி ஆகியவற்றைத் தின்னும் ஆசை இரும்புக் குறைவின் நன்கு அறியப்பட்ட அடையாளம். இப்படித் தின்னும் மகளையோ மருமகளையோ கேலி செய்யாமல் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஆட்டிறைச்சியிலும் ஈரலிலும் உள்ள இரும்பை உடல் எளிதாக ஏற்கிறது. கர்ப்பிணிகள் மட்டும் ஈரலை மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். கீரை, பருப்பில் உள்ள இரும்பு குறைவாகவே சேரும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றின் வைட்டமின் சி உடனிருந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். நம் வீடுகளில் ஆண்களும் பிள்ளைகளும் உண்டு முடித்த பிறகு, கறியெல்லாம் தீர்ந்த சட்டியில் மிஞ்சிய ஆணத்தைச் சோற்றில் பிசைந்து, கையோடு ஒரு டீயும் குடித்து எழும் பெண்கள் எத்தனை பேர்! கறித்துண்டு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது கிடைப்பதில்லை.

தேநீரும் சர்க்கரையும்

தேநீரில் உள்ள கஃபீன், மூளைக்குக் களைப்பை அறிவிக்கும் அடினோசின் என்ற பொருளை மறைத்து வைக்கிறது. களைப்பு நீங்குவதில்லை, தெரியாமல் இருக்கிறது. குடித்ததில் பாதி உடலை விட்டு வெளியேறவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மஃக்ரிபுக்குப் பின் குடிக்கும் தேநீர் பலருக்கு இரவு உறக்கத்தைக் குலைத்து, மறுநாள் காலை இன்னொரு தேநீரைக் கேட்க வைக்கிறது.

நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் எட்டுத் தேக்கரண்டி, அதாவது சுமார் 32 கிராம். சேர்க்கும் சர்க்கரை நாளொன்றுக்கு 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பலகாரமும் குளிர்பானமும் சேருமுன் டீ மட்டுமே அந்த 25-ஐத் தாண்டிவிடுகிறது.

மனச்சோர்வுக்கு உணவு மருந்தாகுமா?

ஓரளவு உதவுகிறது என்பதற்குச் சான்று உண்டு. ஆஸ்திரேலியாவின் ஃபெலிஸ் ஜாக்கா என்ற பேராசிரியை தலைமையில் மனச்சோர்வு நோயுள்ள 67 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. காய்கறி, பழம், பருப்பு, மீன், கொட்டைகள், ஆலிவ் எண்ணெய் கொண்ட உணவுக்கு மாறியவர்களில் 32 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் இது 8 சதவீதம். சிறிய ஆய்வுதான். அதில் பலர் தங்கள் வழக்கமான சிகிச்சையையும் தொடர்ந்துகொண்டே இருந்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

வாற்கோதுமை மாவில் காய்ச்சும் தல்பீனா கஞ்சி, துயருற்றவரின் உள்ளத்துக்கு ஆறுதல் தரும் என்ற நபிமொழி புகாரியில் பதிவாகியுள்ளது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் நோயாளிக்கும் துக்க வீட்டாருக்கும் அதைக் கொடுக்கச் சொல்வார்கள். வாற்கோதுமையில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற நார்ச்சத்து சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிறது என்று இன்றைய அறிவியல் சொல்கிறது. எனினும் தல்பீனா குடித்தால் போதும், மாத்திரை வேண்டாம் என்று பரப்புவோரை நம்பாதீர்கள். மனநோய் ஈமானின் பலவீனமுமல்ல. மருத்துவரை நாடுவது தவக்குலுக்கு எதிரானதுமல்ல.

நோன்புக் காலத்தில்

இஃப்தாரில் பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து, பிறகு நோன்புக் கஞ்சி குடிப்பது நல்ல அமைப்பு. பாசிப்பருப்பும் வெந்தயமும் கொத்துக்கறியும் சேர்ந்த கஞ்சி மெல்லச் செரிக்கும். அதைத் தொடர்ந்து வரும் வடை, சமோசா, ரோஸ்மில்க், வட்டிலப்பம் ஆகியவைதாம் தராவீஹில் கண்ணைச் சொருக வைக்கின்றன. ஸஹரில் சோற்றோடு முட்டை, பருப்பு, தயிர் ஏதேனும் ஒன்று இருந்தால் பகலில் பசி தாங்கும். டீ, காபி அதிகம் குடிப்பவர்கள் ரமளானுக்கு ஒரு வாரம் முன்பே படிப்படியாகக் குறைத்தால் முதல் நோன்பின் தலைவலியும் எரிச்சலும் குறையும்.

சர்க்கரை நோயாளிகள் நோன்புக்கு முன் மருத்துவரைக் கண்டு மருந்தளவை மாற்றிக்கொள்ள வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுக்கும் ஒருவர் திடீரென்று எரிந்து விழுந்தால், உளறினால், வியர்த்து நடுங்கினால் அது கோபமல்ல, சர்க்கரை இறங்கியதாக இருக்கலாம். அளவு 70-க்குக் கீழே இருந்தால் உடனே நோன்பை முறித்து மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகை இத்தகைய நேரத்துக்கானதுதான்.

வீட்டில் செய்யத்தக்கவை

1. தட்டில் சோற்றை ஒரு பங்கு குறைத்து, அந்த இடத்தில் காய்கறி அல்லது தாளிச்சாவை வையுங்கள்.

2. முதலில் காயும் கறியும், கடைசியில் சோறு என்று உண்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். பிரியாணி விருந்தில் இதைக் கடைப்பிடிப்பது சிரமம். அன்றாடச் சாப்பாட்டில் முடியும்.

3. சாப்பிட்டவுடன் படுக்காமல் 10 நிமிடம் நடங்கள். பள்ளிவாசலுக்கு நடந்து போய் வருவதே போதும்.

4. அஸர் நேரத்துப் பலகாரத்துக்குப் பதில் சுண்டல், வேர்க்கடலை, அவித்த முட்டை, பழம் ஆகியவற்றை முன்கூட்டியே எடுத்து வையுங்கள். வீட்டில் இருப்பதைத்தான் பிள்ளைகள் தின்பார்கள்.

5. தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சர்க்கரையை வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறையுங்கள். நாக்கு பழகிக்கொள்ளும்.

6. ஸஹனில் அமர்ந்து உண்ணும் வழக்கமுள்ளவர்கள் பெண்களின் ஸஹனிலும் கறி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவு செய்தும் சோர்வு நீங்காவிட்டால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பரிசோதிக்க மருத்துவரிடம் கேளுங்கள். நெடுநாள் மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்குப் பி12 குறைவது உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இப்போதும் நம்மிடம் குடும்பப் பிணக்கோடு வருபவர்கள் உண்டு. நாம் இப்போது முதலில் கேட்பது, "வீட்டில் எல்லாரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? நன்றாக உறங்குகிறீர்களா? கடைசியாக எப்போது இரத்தம் சோதித்தீர்கள்?" என்பதுதான். எல்லாப் பிணக்கும் இதனால் தீர்ந்துவிடாது. ஆனால் உடல் நலிந்த ஒருவர் குணங்கெட்டவர் என்ற பழியைச் சுமப்பதையாவது தடுக்கலாம், இன்ஷா அல்லாஹ்.