பாறை பிளந்து எரிவாயு எடுத்த வரலாறு

விருதுநகர், சிவகாசி, திருவில்லிபுத்தூர் வட்டாரங்களில் கிணறு வெட்டுவோர் நன்கறிந்த தொழில்முறை ஒன்று உண்டு. மண்ணைக் கடந்து பாறை தட்டுப்பட்டதும் அதில் துளையிட்டு, மருந்து நிரப்பி, வேட்டு வைப்பர். பாறை பிளந்து ஊற்றுக்கண் திறக்கும். அதுவும் போதாவிடின், கிணற்றின் அடியிலிருந்து பக்கவாட்டில் துளையிட்டு, அண்டையிலுள்ள வெடிப்புகளில் தங்கியிருக்கும் நீரைக் கிணற்றுக்குள் வருவிப்பர். பாறைக்குள் நீர் இருக்கின்றது. அது வெளிவர வழியில்லாமையே குறை. அவ்வழியைச் செய்து கொடுப்பதே வேட்டின் வேலையும் பக்கத்துளையின் வேலையும் ஆகும்.

நம் உழவர் நீருக்காகச் செய்யும் இவ்வேலையை, எரிவாயுவுக்காக, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரையுள்ள ஆழத்தில் செய்வதற்கு ‘நீரியல் விரிசல் முறை’ என்று பெயர். ஆங்கிலேயர் இதனைச் சுருக்கமாகப் ‘பிராக்கிங்’ என்பர். சில நாடுகள் இதனால் செல்வம் பெற்றன. சில நாடுகள் இதனைச் சட்டத்தால் தடுத்தன. இவ்விரு முடிவுகளும் எவ்வாறு பிறந்தன என்பதை வரலாற்று வழியே காண்போம்.

இம்முறையின் முதல் அத்தியாயத்தைச் சிவகாசி மாணவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர்; ஏனெனில் அது கருமருந்தில் தொடங்குகின்றது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைத்தலைவராகப் பணியாற்றியவர் எட்வர்டு ராபர்ட்ஸ் என்பவர். 1862ஆம் ஆண்டில் பிரெடெரிக்ஸ்பர்க் போர்க்களத்தில், வாய்க்காலில் விழுந்த பீரங்கிக் குண்டுகள் வெடிப்பதை அவர் கண்டார் என்பர். மேலே நீர் அழுத்திக்கொண்டிருக்கும்போது வெடியின் விசை வானில் சிதறாமல் பக்கங்களில் பாய்கின்றது என்னும் உண்மை அவர் உள்ளத்தில் பதிந்தது. 1865 ஜனவரியில் பென்சில்வேனியாவில் டைட்டஸ்வில் என்ற ஊரையடுத்த எண்ணெய்க் கிணறொன்றில், வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த மருந்தை இரும்புக் கூட்டில் அடைத்து இறக்கி வெடிக்கச் செய்தார். தூர்ந்து கிடந்த கிணற்றில் எண்ணெய் பெருகிற்று. 1866இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது.

அவர் கேட்ட கட்டணம் மிகுதியாக இருந்தமையால், பலர் அவருக்குத் தெரியாமல் இரவில் நிலவொளியில் கிணறுகளில் வெடி வைக்கலாயினர். கருமருந்து போய் நைட்ரோகிளிசரின் வந்தது. விபத்துகளும் உடன் வந்தன. பயனும் ஆபத்தும், உரிமையும் மீறலும் இத்தொழிலில் முதல் நாளிலிருந்தே இணைந்து வந்தன என்பதை நினைவிற் கொள்க.

வெடிக்குப் பதிலாக நீர்மத்தின் அழுத்தத்தைக் கொண்டே பாறையைப் பிளக்கலாம் என்ற கருத்து 1947இல் சோதிக்கப்பட்டது. கான்சாஸ் மாநிலத்தின் ஹியூகோட்டன் எரிவாயு வயலில், கெட்டிப்படுத்திய பெட்ரோலைக் கிணற்றுக்குள் அழுத்திச் செலுத்தினர். முதல் முயற்சி பெரும்பயன் தரவில்லை. எனினும் 1949 மார்ச் 17 அன்று ஹாலிபர்ட்டன் நிறுவனத்தார் ஓக்லஹோமாவிலும் டெக்சாசிலும் வாணிப முறையில் இதனைச் செய்து காட்டினர். 1967இல் நியூ மெக்சிகோவில் அணுகுண்டையே பூமிக்கடியில் வெடிக்கச் செய்து எரிவாயு எடுக்க முயன்றனர். வாயு வந்தது, ஆனால் அது கதிரியக்கம் கலந்த வாயு. வீட்டு அடுப்புக்கு உதவாத அந்த வாயு, ஆற்றல் இருக்கின்றது என்பதற்காகவே அதனைப் பயன்படுத்திவிட முடியாது என்னும் பாடத்தை மட்டும் தந்து சென்றது.

இம்முறைக்கு இன்றைய பெருமையைத் தந்தவர் ஜார்ஜ் மிட்செல் என்னும் டெக்சாஸ் தொழிலதிபர். ‘ஷேல்’ எனப்படும் களிப்பாறை ஏடு ஏடாக அமைந்தது. வாயுவை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது. பார்னெட் என்னும் களிப்பாறைப் படுகையில் 1981 முதல் அவர் நிறுவனம் முயன்றது. 1998இல் நீரை மிகுதியாகவும் இரசாயனங்களைக் குறைவாகவும் கலந்த கலவை வெற்றி தந்தது. பின்னர்ப் பக்கவாட்டுத் துளையும் இதனோடு சேர்ந்தது. சில ஆண்டுகளில் அமெரிக்கா இயற்கை எரிவாயு உற்பத்தியில் உலகின் முதலிடத்தைப் பெற்றது.

இனி, இது நிகழும் விதத்தைப் பார்ப்போம். முதலில் நேர்கீழாகத் துளையிடுவர். குடிநீர் தங்கும் படுகைகளைக் கடக்குமிடத்தில் எஃகுக் குழாயை இறக்கி, குழாய்க்கும் நிலத்துக்கும் இடையே சிமென்டு நிரப்புவர். இந்தச் சிமென்டு உறையே நீருக்கும் வாயுவுக்கும் நடுவே நிற்கும் காவற்சுவர். களிப்பாறையை அடைந்ததும் துளையை வளைத்து, படுக்கைவாட்டில் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் கொண்டுசெல்வர். சிறு வெடிகளால் குழாயில் துவாரங்கள் இட்டு, நீர், மணல், சிறிதளவு இரசாயனம் ஆகியவற்றின் கலவையைப் பல நூறு வளிமண்டல அழுத்தத்தில் செலுத்துவர். பாறையில் மயிரிழை போன்ற விரிசல்கள் ஓடும். அழுத்தத்தை நீக்கினால் அவை மீண்டும் மூடிக்கொள்ள வேண்டுமல்லவா? மூடாதபடி மணல்துகள்கள் இடையில் முட்டுக்கொடுத்து நிற்கும். அவ்விடுக்குகளின் வழியே வாயு கிணற்றை நோக்கி வரும். இவ்வகைக் கிணறு ஒன்றுக்குக் கோடி லிட்டர் அளவிலும் அதற்கு மேலும் நீர் செலவாகும். அதில் ஒரு பகுதி உப்பும் பிற கனிமங்களும் கலந்த கழிவுநீராக மேலே திரும்பி வரும்.

பாறையை நீரால் விரிப்பது தன்னளவில் குற்றமன்று. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தினர், ஊறல் குன்றிய ஆழ்குழாய்க் கிணறுகளில் நீரை அழுத்திச் செலுத்தி, பாறை இடுக்குகளைத் திறந்து, ஊர்களுக்குக் குடிநீர் தந்திருக்கின்றனர். அதனை யாரும் எதிர்க்கவில்லை. அங்குச் செலுத்துவது நீர், வெளிவருவதும் நீர். ஆகவே, எதைச் செலுத்துகிறோம், எது வெளிவருகின்றது, அருகில் இருப்பது என்ன என்னும் மூன்று கேள்விகளைப் பொறுத்தே விவாதம் எழுகின்றது.

ஆதரிப்போர் கூற்று வலிமையற்றதன்று. மின்சாரம் உண்டாக்குவதில், நிலக்கரி வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழப் பாதியையே எரிவாயு வெளியிடும். இந்தியா தனக்கு வேண்டிய எரிவாயுவில் ஏறத்தாழப் பாதியை வெளிநாடுகளிலிருந்து வாங்குகின்றது. உள்நாட்டில் கிடைத்தால் அச்செலவு குறையும். எதிர்ப்போர் கூற்றும் வெறும் அச்சமன்று. எரியாமல் கசியும் மீத்தேன், இருபது ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் எண்பது மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கவல்லது. குடிநீருக்கு இத்தொழிலால் சில சூழ்நிலைகளில் பாதிப்பு நேரக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே 2016இல் அறிக்கை தந்தது. எண்ணெய், எரிவாயுத் தொழிலின் கழிவுநீரை நிலத்தடியில் செலுத்தியதன் விளைவாக ஓக்லஹோமாவில் நிலநடுக்கங்கள் பெருகின. 2016 செப்டம்பரில் பானி என்ற ஊரருகே 5.8 அளவுள்ள அதிர்ச்சி ஏற்பட்டது. பிரான்சு 2011இல் இம்முறைக்குத் தடை விதித்தது. இங்கிலாந்தில் பிளாக்பூல் நகரருகே 2011இல் நேர்ந்த சிறு அதிர்ச்சிகளை அடுத்துத் தொடங்கிய வாதம், 2019இல் இடைநிறுத்தமாக முடிந்தது.

நம் நாட்டில் களிப்பாறை வாயு முதன்முதலாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் துர்காப்பூர் அருகே எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகத்தின் கிணற்றில் வெளிப்பட்டது. தமிழகத்தில் வாதம் வேறொரு வாயிலின் வழியே நுழைந்தது. காவிரிப் படுகையில் அக்கழகம் 1960கள் முதலே எண்ணெயும் வாயுவும் தேடி வந்தது. வயல்களின் நடுவே கிணறுகளும் எழுந்தன. 2010இல் மன்னார்குடிப் பகுதியின் பழுப்பு நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும் ஒப்பந்தம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. களிப்பாறையை விரிப்பதும் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுப்பதும் ஒன்றல்ல என்பதை மாணவர்கள் தெளிவாக உணர வேண்டும். நிலக்கரியில் ஒட்டியிருக்கும் வாயுவை நீரின் அழுத்தமே பிடித்து வைத்திருக்கின்றது. ஆகவே அந்நீரை இடைவிடாது இறைத்து வெளியேற்றினால்தான் வாயு விடுபடும். தேவை ஏற்படின் விரிசல் முறையும் துணைக்கு வரும்.

இவ்விடத்திலேதான் உழவர் விழித்தனர். கடற்கரையை அடுத்த டெல்டாவில் நிலத்தடி நீரைத் தொடர்ந்து இறைத்தால் உவர்நீர் உட்புகாதா? இறைத்த நீரை எங்கே விடுவது? வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இவ்வினாக்களை மக்களிடம் எடுத்துரைத்தார். அப்பரப்புரையின் நடுவிலேயே, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் காலமானார். மாநில அரசு வல்லுநர் குழு ஒன்றை அமைத்து ஆராய்ந்து, 2015இல் டெல்டா மாவட்டங்களில் அத்திட்டத்துக்கு இடமில்லை என்று முடிவு செய்தது.

2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அரசு ஒப்புதல் தந்தபோது மீண்டும் போராட்டம் மூண்டது. அங்கே விரிசல் முறை கையாளப்படமாட்டாது என்று அதிகாரிகள் கூறியும் ஊரார் அமைதியடையவில்லை. அவ்வாண்டு ஜூன் இறுதியில் தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலத்தில் எண்ணெய்க் குழாயில் கசிவு நேர்ந்தது. அவர்களின் ஐயம் வலுத்தது. 2020 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றி, டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு அகழ்வைத் தடுத்தது. முன்பே இயங்கி வந்த பணிகளை அச்சட்டம் தடுக்கவில்லை. நமக்கு அண்டையிலுள்ள இராமநாதபுரம் மாவட்டம் அம்மண்டலத்துக்குப் புறத்தே உள்ளது. அங்கே 20 சோதனைக் கிணறுகளுக்கு 2025இல் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும், அதனைத் திரும்பப் பெறுமாறு மாநில அரசு அறிவுறுத்தியது.

இவ்வரலாறு முழுவதிலும் ஓர் உண்மை தெளிகின்றது. பொறியியல் வல்லுநர், உறையிட்ட கிணறு முறைப்படி அமைந்தால் கசியாது என்கின்றார். அது மெய்யே. ஆனால் கிணற்றருகே வாழ்பவன் கேட்பது, அது முறைப்படி அமைந்ததா என்பதை யார் பார்த்தார், பிழை நேர்ந்தால் யார் பொறுப்பேற்பார் என்பதையே. இக்கேள்வியின் பொருளை நம் வட்டாரத்தாரைவிட நன்கறிந்தவர் இலர். பட்டாசுச் சாலையில் ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைக்கலாம், அறைக்கும் அறைக்கும் எத்துணை இடைவெளி வேண்டும் என்றெல்லாம் விதிகள் உள்ளன. ஆயினும் 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியையடுத்த முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்கள் ஒரே பகலில் மடிந்தன. அங்கே விதிகள் மீறப்பட்டிருந்தமை பின்னர் வெளிப்பட்டது. ஏட்டிலிருந்த விதி அவர்களைக் காக்கவில்லை. கடைப்பிடிக்கப்படும் விதியே காவல்.

பட்டாசு அறையின் தீங்கு ஒரு நொடியில் கண்ணுக்குப் புலப்படும். நிலத்தடி நீரின் தீங்கோ பல ஆண்டுகள் கழித்தே நாவிற்குத் தெரியும்; தெரிந்தபின் அதனைத் திருத்துதல் மிக அரிது. ஆதலின் அங்கே கண்காணிப்பு இன்னும் கடுமையாக வேண்டும். தோண்டுவதற்கு முன்பே சுற்றியுள்ள கிணறுகளின் நீரைச் சோதித்துப் பதிவு செய்தல், செலுத்தும் இரசாயனங்களின் பெயர்களை வெளியிடுதல், கழிவுநீரின் கணக்கை ஊரார் பார்க்கத் தருதல், கிராம சபையைக் கேட்டபின் முடிவெடுத்தல் ஆகியவை குறைந்த அளவு நிபந்தனைகள். இவற்றுக்கு இணங்காத திட்டம் எத்துணை இலாபம் காட்டினும் நம்பத்தக்கதன்று. இவற்றுக்கெல்லாம் இணங்கினும், மூன்று போகம் விளைந்த மண்ணில் அது வேண்டுமா என்று மறுத்துரைக்கும் உரிமை உழவனுக்கு உண்டு.

மாணவர்களே, நாளை உங்களுள் ஒருவர் துளையிடும் பொறியாளராகலாம். ஒருவர் அனுமதி வழங்கும் அதிகாரியாகலாம். ஒருவர் அவ்வூர் ஊராட்சித் தலைவராகலாம். பாறையின் அமைப்பை மூவரும் கற்றிருத்தல் வேண்டும். வாயுவுக்கு மாற்றாகக் கதிரவனும் காற்றும் இருக்கின்றன. குடிநீருக்கு மாற்று இல்லை. இவ்வேற்றுமையை நெஞ்சிற் கொண்டு முடிவு செய்பவரே, படித்த படிப்புக்குப் பொருள் கண்டவர் ஆவார்.