மூணு தீபாவளி ஓடின படமும் எங்க ஆயாவும்

ராயபுரத்துல எங்க ஆயாவுக்கு ஒரு பழக்கம். வானத்துல விமானச் சத்தம் கேட்டா, செய்யற வேலையை நிறுத்திட்டு சத்தம் தேயற வரைக்கும் அப்படியே நிக்கும். எண்பதுகள்ல கூட இது தொடர்ந்துச்சு. பசங்க நாங்க சிரிப்போம். அதே ஆயாகிட்ட யுத்த காலத்தைப் பத்திக் கேட்டா, ஹரிதாஸ் படக் கதைதான் வரும். குண்டு, ரேஷன் எதுவும் வராது. "ஊரு பத்தி எரியும்போது சினிமா பாத்த கூட்டம்"னு எங்க அப்பா சலிச்சுப்பார். யூனியன்காரர். சினிமாவை மயக்க மருந்துன்னு நினைக்கிற ஆள். நானும் ரொம்ப நாள் அவர் கட்சிதான். கட்சி மாறின கதையைக் கடைசில சொல்றேன்.

முதல்ல பயத்தோட வரலாறு. துறைமுகத்துப் பக்கம் குடியிருக்கறவனுக்கு யுத்தம்கிறது வெறும் பேப்பர் சேதி இல்லை. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன்ங்கிற ஜெர்மன் கப்பல் வந்து சுட்டதுல, பர்மா ஆயில் கம்பெனியோட எண்ணெய் டாங்க் பத்திக்கிச்சு. (கில்லாடியான ஆளை 'சரியான எம்டன்'னு சொல்றோமே, அந்தக் கப்பல்தான்.) அந்த வெளிச்சத்தை ஆயாவோட அம்மா நேர்ல பார்த்தவங்க. 1942 மார்ச்ல ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போச்சு, கூடவே பர்மா அரிசியும் போச்சு. ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினம், 9 திரிகோணமலைன்னு வரிசையா குண்டு விழ, அடுத்தது நாமதான்னு சென்னையே முடிவு கட்டிடுச்சு. வேலை இல்லாதவங்க ஊரை விட்டுக் கிளம்பலாம்னு சர்க்காரே சொல்லிடுச்சு. சென்ட்ரல் பக்கத்துல இருந்த மிருகக்காட்சிசாலையில சிங்கம், புலியை எல்லாம் சுட்டுக் கொன்னாங்க, கூண்டு உடைஞ்சா தெருவுக்கு வந்துடுமாம். கிராமத்துல வீடு, நிலம் இருந்தவங்க ரயிலேறினாங்க. எங்க தாத்தாவுக்குத் துறைமுகத்துல மூட்டை இறக்கற வேலை. எங்க போறது? 1943 அக்டோபர்ல ஒரு ஜப்பான் விமானம் நிஜமாவே வந்து துறைமுகப் பக்கம் குண்டு போட்டுட்டுப் போச்சு. ஆயா நின்னு கேட்ட சத்தம் அதுதான்னு எனக்கு ரொம்ப லேட்டாத்தான் உறைச்சுது.

இந்த லட்சணத்துல 1944 தீபாவளிக்கு பிராட்வே தியேட்டர்ல ஹரிதாஸ் ரிலீஸ். எம்.கே.தியாகராஜ பாகவதர், டி.ஆர்.ராஜகுமாரி, கலைவாணர் என்.எஸ்.கே. டைரக்‌ஷன் சுந்தர்ராவ் நட்கர்னி. ஃபிலிம் தட்டுப்பாடு, 11,000 அடிக்கு மேல படம் இருக்கக்கூடாதுன்னு யுத்தகாலச் சட்டம். அதனால பழைய படங்க மாதிரி இழுவை இல்லாம ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சுடும். கதை தெரிஞ்சதுதான். அப்பா அம்மாவைக் கொடுமைப்படுத்தின ஆட்டக்கார மைனர், சொத்தைத் தோத்து, முனிவர்கிட்ட திமிர் காட்டிக் காலை இழந்து, திருந்தி, காலைத் திரும்ப வாங்கறான். 1944, 45, 46னு மூணு தீபாவளியை அதே தியேட்டர்ல பார்த்த படம்.

அதே சமயம் யுத்தப் பிரச்சாரப் படம் எடுக்கச் சொல்லி சர்க்கார் ஸ்டூடியோக்களை நெருக்கினதுல பர்மா ராணி, மானசம்ரக்ஷணம், என் மகன்னு 1945ல வந்துச்சு. நடப்பு நிலவரத்தைக் காட்டின படங்கள். எதுவும் மூணு தீபாவளி பார்க்கலை. கல்கத்தாவிலயும் இதே கூத்து. 1942 டிசம்பர்ல இருந்து ஜப்பான் குண்டு, 1943ல பஞ்சம், அந்த வருஷம் வந்த 'கிஸ்மத்' ரோக்ஸி தியேட்டர்ல மூணு வருஷத்துக்கு மேல ஓடுச்சு. அதோட ஹீரோ ஒரு ஜேப்படித் திருடன்.

இதுவரைக்கும் எங்க அப்பா சொன்னது சரி. ஜனங்க நிஜத்தை விட்டு ஓடினாங்கன்னே வெச்சுப்போம். ஆனா படம் வந்து ரெண்டரை மாசத்துல, லட்சுமிகாந்தன் கொலை வழக்குல, 1944 டிசம்பர் கடைசில பாகவதரைப் பிடிச்சு உள்ளே வெச்சுட்டாங்க. என்.எஸ்.கே.யையும்தான். 1945 மே மாசம் ஹைகோர்ட்ல தண்டனை. பிராட்வே தெரு ஆரம்பிக்கறதே ஹைகோர்ட்டுக்கு எதிர்லதான். அதாவது தெருமுனைல ஹீரோவுக்கு ஆயுள் தண்டனை, அதே தெருவுல தியேட்டருக்குள்ள அவரே பாடிக்கிட்டு இருக்கார். ரெண்டாவது தீபாவளிக்கும் மூணாவது தீபாவளிக்கும் அவர் ஜெயில்லதான் இருந்தார். பிரிவி கவுன்சில் வரைக்கும் போயி, திரும்ப விசாரணை நடந்து, 1947 ஏப்ரல்லதான் ரெண்டு பேரும் விடுதலை.

டிக்கெட் வாங்கின ஒவ்வொருத்தருக்கும் இது தெரியும். ஒரு தடவை ஆயாகிட்ட கேட்டேன், தெரிஞ்சும் ஏன் திரும்பத் திரும்பப் போனேன்னு. "பாவம்டா, அந்தாளு அங்க கெடக்குறாரு. இங்கனா காலு திரும்ப வருதேன்னு போயி பாத்துகினு வருவோம். வூட்ல குந்திகினு இருந்தா இன்னா வரும்? பயம்தான் வரும்" என்றது. இதை மயக்கம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. பிடிபட்டவன் ஒருநாள் வெளியே வருவான்னு வாராவாரம் போயி ஒத்திகை பார்த்துட்டு வந்த மாதிரிதான் எனக்குப் படுது.

வெளியே வந்த பாகவதர் 1948ல 'ராஜமுக்தி' எடுத்தார். ஊத்திக்கிச்சு. நீ ஏன் போகலைன்னு ஆயாவைக் கேட்டேன். "அப்ப உங்கொப்பன் கைக்கொழந்தைடா, எங்க போறது" என்றது. (தமிழ் சினிமா வரலாற்றாசிரியர்கள் இந்தக் கோணத்தை ஆராயலாம் :-))

கட்சி மாறின கதை. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பத்துல அமோனியா கசிஞ்சது ஞாபகம் இருக்கும். நடுராத்திரில கண்ணெரிச்சலோட ஜனங்க ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. என் சித்தி பொண்ணு, புருஷன், பையன் மூணு பேரும் ஆட்டோ பிடிச்சு எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க. அதுக்கு மூணு வாரம் முன்னாடிதான் புயல் வெள்ளத்தோட வந்த எண்ணெய் அவங்க பக்கத்து வலை, படகு எல்லாத்தையும் நாசம் பண்ணியிருந்துச்சு. பெரியவங்க நாங்க விடியற வரைக்கும் டிவி நியூசை மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு இருந்தோம். பையன் ஒரு மூலையில உட்கார்ந்து செல்போன்ல ஏதோ கடற்கொள்ளைக்காரக் கார்ட்டூன் பார்த்தான். ஜப்பான்காரன் எடுத்ததாம். ஆயா இருந்திருந்தா என்ன சொல்லியிருக்குமோ!

"இந்த நேரத்துலயும் பொம்மைப் படமாடா"ன்னு நான் ஆரம்பிச்சேன். எங்க அப்பா, அதான் அந்த யூனியன்காரர், எழுபத்தஞ்சு வயசு, சேர்ல இருந்து கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "விட்றா. பாக்கட்டும்" என்றார். பையனுக்குப் பக்கத்துல போயி உட்கார்ந்தார். அரை மணி கழிச்சுப் பார்த்தா, "இவன் ஏன்டா இவ்ளோ ரப்பர் மாதிரி இழுபடறான்"னு கேட்டுக்கிட்டு இருந்தார்.

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது பிராட்வேல ஹரிதாஸ் பார்த்த கதை வெச்சிருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க மக்களே.